கையெழுத்தும் ஓர் அமானிதம்



சில வாரங்களுக்கு முன் பெரியம்மா ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மருத்துவச் செலவுக்காக அடகு வைத்திருந்த நகை ஏலம் போய்விட்டது. "எனக்கு ஒரு கடுதாசியும் வரலயே தம்பி" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அடகு பிடித்தவர்களிடம் கேட்டபோது அவர்கள் ஒரு தாளைக் காட்டினார்கள். ஏல அறிவிப்பு பட்டுவாடா ஆன தேதி, நேரம், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. கையெழுத்து ஆங்கிலத்தில், சாய்வாக, அழகாக இருந்தது. பெரியம்மாவுக்குக் கைநாட்டு மட்டும்தான் தெரியும்.

தெருவில் விசாரித்தோம். கொண்டு வந்தவர் வந்த நேரம் வீடு பூட்டியிருந்திருக்கிறது. இன்னொரு நடை வர வேண்டாமே என்று பக்கத்துக் கடையில் கவரைக் கொடுத்துவிட்டு, கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் அதைக் கணக்கு நோட்டுக்கு அடியில் வைத்து மறந்துவிட்டார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கடனும் செலவும் கழித்து மீதித் தொகை பெரியம்மா கைக்கு வந்தது. அவருடைய தாயார் போட்டிருந்த வளையல் வரவில்லை. (நகையை வட்டிக்கு வைப்பது பற்றி எழுத நிறைய இருக்கிறது, அதை வேறொரு இதழில் பார்ப்போம்.)

கூரியர்காரர் நீட்டும் போனில் விரலால் ஒரு கோடு இழுக்கிறோமே, அது என்ன என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை. அனுப்பியவர் பொருளைக் கொண்டு செல்பவரிடம் ஒப்படைக்கிறார். உரியவர் கையில் சேரும் வரை பொறுப்பு கொண்டு செல்பவருடையது. கையெழுத்து விழுந்த நொடியில் அந்தப் பொறுப்பு நம் தலைக்கு மாறுகிறது. அதன்பின் "வரவில்லை" என்று நிரூபிக்க வேண்டியவர் நாம்தான். வேறொருவர் நம் பெயரில் கோடு இழுத்துவிட்டால், பொருள் வராமலே பொறுப்பு மட்டும் வந்து சேர்ந்துவிடும்.

அமானிதங்களை உரியவரிடமே ஒப்படைக்கச் சொல்லும் கட்டளை அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் இருப்பது நாம் அறிந்ததே. மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்ட சம்பவத்தை விரிவுரையாளர்கள் இந்த வசனத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அன்று அந்தச் சாவியைக் கேட்டவர்களும் நெருங்கிய உறவினர்கள்தாம். ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள், தம்மிடம் மக்காவாசிகள் வைத்திருந்த பொருட்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். உயிருக்கு ஆபத்தான அந்த இரவிலும் "பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம்" என்று விடவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் 27ஆம் பிரிவின்படி, சரியான முகவரி எழுதி, தபால் தலை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினாலே அது சேர்ந்துவிட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். காசோலை வழக்குகளில் இது அடிக்கடி வருகிறது. 1999இல் ஒரு வழக்கில், நோட்டீஸ் "வாங்கப்படவில்லை" என்று திரும்பியிருந்தும் அது சேர்ந்ததாகவே உச்ச நீதிமன்றம் கொண்டது. திரும்பி வந்த தபாலுக்கே இந்த நிலை என்றால், கையெழுத்தோடு பதிவான தபாலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காசோலை நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்டச் சட்டம் தரும் அவகாசம் 15 நாள். யாரோ போட்ட கையெழுத்தின் தேதியிலிருந்து அந்த நாட்கள் நமக்குத் தெரியாமலே ஓடத் தொடங்கும். ஒரு வழியும் இருக்கிறது. நோட்டீஸ் உண்மையிலேயே வரவில்லை என்பவர், நீதிமன்றச் சம்மன் கைக்கு வந்த 15 நாளுக்குள் தொகையைக் கட்டிவிட்டு, வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு கேரளத்திலிருந்து போனது.

சிவில் வழக்கிலும் இதே கதைதான். சம்மன் சேர்ந்ததாகப் பதிவாகி நாம் ஆஜராகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும். அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் அந்த 30 நாள், தீர்ப்பு நமக்குத் தெரிய வந்த நாளிலிருந்து தொடங்கும். ஆனால் சேரவில்லை என்பதை நாம் காட்ட வேண்டும். "எங்கள் வீட்டுக்கு ஏன் கோர்ட் தபால் வரப்போகிறது" என்று நினைக்க வேண்டாம். குலா சான்றிதழை ஷரீஅத் கவுன்சில் போன்ற தனி அமைப்பு தர முடியாது, பெண் குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜமாஅத்தில் பேசி முடித்த விஷயங்கள் இனி தபால் வழியாகவும் வரும்.

கையெழுத்தைத் தாண்டிப் போகும் பழக்கம் பெருகியதற்குக் கொரோனாவும் ஒரு காரணம். 2020இல் தொற்றுக்குப் பயந்து உலகம் முழுவதும் கையெழுத்தைத் தளர்த்தினார்கள். அமெரிக்கத் தபால் துறையில் ஊழியர் தள்ளி நின்று பெயரைக் கேட்டு அவரே பதிந்துகொண்டார். இங்கும் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நேரத்துக்கு அது சரி. நோய் போன பிறகும் சௌகரியம் போகவில்லை.

கொண்டு வருபவரை மட்டும் குறை சொல்வதில் நமக்கு உடன்பாடு இல்லை. "போட்டுட்டுப் போங்க தம்பி", "நீங்களே கையெழுத்துப் போட்டுக்கோங்க" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பது நாம்தானே? ஆண்கள் சவூதியிலோ துபாயிலோ இருக்க, வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும்போது வாசலுக்கு வரத் தயங்குவது நமக்குப் புரிகிறது. அதற்காகக் கையெழுத்தை அவரிடம் விட்டுவிட வேண்டியதில்லை. கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலும் பேனாவும் வைத்தால் போதும். கைநாட்டு வைப்பவர்கள் சாட்சிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு கைநாட்டே வைக்கட்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெரியம்மாவின் வழக்கில் இன்று நமக்கு இருக்கும் ஒரே ஆதாரமே அவருக்கு எழுதத் தெரியாது என்பதுதான்.

நம் மஹல்லா இளைஞர்களிலும் சிலர் டெலிவரி வேலை பார்க்கிறார்கள். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி, வெயில், பூட்டிய வீடுகள், திரும்பக் கொண்டு போனால் மேலிடத்தில் கேள்வி. இந்த நெருக்கடியை நாம் அறிவோம். ஆனாலும் தம்பிகளே, அடுத்தவர் பெயரில் கையெழுத்துப் போடுவதை வேலையின் ஒரு பகுதியாக நினைக்காதீர்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் ஆவணம் உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதா 336ஆம் பிரிவில் குற்றம். பொருள் காணாமல் போகும் நாளில் உங்களை அனுப்பிய நிறுவனம் உங்கள் பக்கம் நிற்காது. வீடு பூட்டியிருந்தால் "பூட்டியிருந்தது" என்றே பதியுங்கள்.

கையெழுத்துக்குப் பதிலாக இப்போது ஓடிபி வந்துவிட்டது. தபால் துறை பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்தபின், 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்டிலேயே இரண்டு வசதிகளைத் தருகிறது. பெயருக்கு உரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் தரச் சொல்லும் "பதிவு" வசதி ஒன்று. ஓடிபி சொன்னால்தான் தருவது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும். சாதாரண ஸ்பீடு போஸ்டை அந்த முகவரியில் இருக்கும் யாரிடமும் தரலாம் என்பதால், முக்கியமான பத்திரம் அனுப்புகிறவர்கள் இந்த 5 ரூபாயைப் பார்க்க வேண்டாம்.

ஓடிபியிலும் அதே ஓட்டை உண்டு. ஆர்டர் போட்டது துபாயில் இருக்கும் கணவர், எண் அவருடையது, பார்சல் வருவது இங்கே. கொண்டு வருபவர் அவருக்குப் போன் போட்டு ஓடிபி வாங்கிவிடுவார். பார்சல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே டெலிவரிக்கு வீட்டில் இருப்பவரின் எண்ணையே கொடுங்கள். பார்சல் கையில் வந்து, கவர் கிழியாமல் இருப்பதைப் பார்த்தபின் ஓடிபி சொல்லுங்கள். "பார்சல் திரும்பிப் போகிறது, ரத்து செய்ய ஓடிபி சொல்லுங்கள்" என்று வரும் அழைப்பு பெரும்பாலும் மோசடி. அந்த எண் உங்கள் வங்கிக் கணக்கின் சாவியாக இருக்கலாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

"டெலிவரி ஆனது" என்று மெசேஜ் வந்து பொருள் வரவில்லை என்றால் அன்றே செயல்படுங்கள். மெசேஜைப் படம் எடுத்து வையுங்கள். யார் கையெழுத்து, எந்த நேரம் என்ற பட்டுவாடா ஆதாரத்தை எழுத்தில் கேளுங்கள். எதிர்க்கடை கேமராவில் பதிவு இருந்தால் அழிவதற்குள் வாங்கிவிடுங்கள். தபால் என்றால் தபால் நிலையத்திலோ 1800 266 6868 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். ஆன்லைனில் வாங்கியது என்றால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்களின் குறைதீர்ப்பு அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் நடக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

வீட்டில் பெரும்பாலும் ஆள் இருக்காது என்பவர்கள், தங்கள் தபாலை யாரிடம் கொடுக்கலாம் என்று தபால் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தக் கடிதத்தின் மாதிரி அலுவலகத்தில் இருக்கிறது, மக்ரிபுக்குப் பின் வந்தால் எழுதியும் தருகிறோம். பெரியம்மாவுக்காக, அந்தக் கையெழுத்தின் நகலையும் அவர் கைநாட்டு வைத்த பழைய ரசீதுகளையும் சேர்த்துப் புகார் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் இன்ஷா அல்லாஹ் இதே பக்கத்தில் எழுதுகிறோம்.