ஆற்றங்கரையில் ஒரு வகுப்பு

நான்காம் தரத்தில் படிக்கும் பிள்ளையிடம் மகாவலி கங்கையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இலங்கையின் மிக நீளமான ஆறு, நீளம் 335 கிலோமீற்றர், திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது என்று மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு அது போதும். ஆனால் அதே பிள்ளையிடம், “உங்கள் வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?” என்று கேட்டால், “கானுக்குள்” என்பதோடு பதில் நின்றுவிடும். கானுக்கும் கங்கைக்கும் இடையே உள்ள தொடர்பைப் பிள்ளை அறியாது. அதை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

கண்டி, பேராதனைப் பகுதிகளில் வாழும் நமக்கு இந்தக் குறை பொருந்தாது. ஆறு நம் வாசலில் ஓடுகிறது. அதைக் கரும்பலகையில் நீலச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டுவதோடு நிறுத்துவது, மாமரத்தடியில் இருந்துகொண்டு மாம்பழத்தின் படத்தைக் காட்டுவது போன்றது. இரவீந்திரநாத் தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளியைத் தொடங்கியபோது மரத்தடியையே வகுப்பறையாக்கினார். நமது ஆரம்பப் பாடசாலைகளிலும் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்றே ஒரு பாடம் உண்டு. சுற்றாடலுக்குள் போகாமல் அப்பாடத்தை எப்படி நடத்துவது?

பாடமா, உல்லாசப் பயணமா?

பேராதனைப் பூங்காவுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் வராத மாதம் இல்லை. பஸ் வந்து நிற்கும். பிள்ளைகள் ஒர்க்கிட் மலர்களைப் பார்ப்பார்கள். சாப்பாட்டுப் பொதியை அவிழ்ப்பார்கள். மாலையில் களைத்துத் திரும்புவார்கள். மகிழ்ச்சியான நாள்தான். ஆயினும், 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பவரால் தாவரவியற் பூங்காவாக அமைக்கப்பட்ட இந்த 147 ஏக்கர் நிலத்தை மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது என்பதைக் கவனிக்காமலே பலர் வீடு திரும்புகின்றனர். ஒரு நாளில் எல்லாவற்றையும் காட்ட முயலாமல், ஆற்றை மட்டும் பாடமாக எடுத்துக்கொண்டால் போதும். அந்தப் பாடத்தை மூன்று இடங்களில் நடத்தலாம்.

முதலாம் இடம்: ஆற்றின் வளைவு

பூங்காவின் கரையோரப் பாதையில், பெரிய மூங்கில்களின் நிழலில் பிள்ளைகளை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் பேச்சு வேண்டாம். பிறகு ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மிதந்து வரும் ஓர் இலையையோ குச்சியையோ தெரிந்தெடுத்து, இரண்டு மரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அது கடக்கும்வரை எண்ணச் சொல்லுங்கள். நம் கரையோரம் வரும் இலையையும் எதிர்க்கரைப் பக்கம் போகும் இலையையும் தனித்தனியே எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும்.

ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கத்து நீர் விரைந்து ஓடிக் கரையை அரிக்கும். உட்பக்கத்து நீர் தளர்ந்து, சுமந்து வந்த மணலைக் கீழே போட்டுவிடும். ‘மகாவலி’ என்ற சிங்களப் பெயரின் பொருளே பெருமணல் என்பதாகும். அந்த மணல் மலையிலிருந்து வந்தது. நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளில், தேயிலையோ மரக்கறியோ பயிரிட்ட நிலத்தில் மண்ணைக் காக்கும் அணைகட்டும் புல்வேலியும் இல்லாவிடில், ஒரு பெருமழையில் மேல்மண் கழுவுண்டு ஆற்றில் இறங்கும். மழைக்குப் பின் ஆறு தேநீர் நிறத்தில் ஓடுவது இதனாலேயே. அந்த நிறம் யாரோ ஒருவருடைய தோட்டத்து மண் என்று பிள்ளைக்கு விளங்கட்டும். கரையோர மருதமரங்களின் வேர்கள் மண்ணைப் பற்றி நிற்பதையும் காட்டுங்கள். மரத்தை வெட்டினால் கரை ஏன் சரிகிறது என்பதைப் பிள்ளை தானே சொல்லிவிடும்.

இரண்டாம் இடம்: சிற்றோடை

பேராற்றில் சிறுவரை இறக்கவே கூடாது. நீருயிர்களைக் காட்ட, கணுக்கால் அளவே ஓடும் ஒரு சிற்றோடை போதும். அங்கேயும் ஆசிரியரே இறங்கட்டும். மாவரிக்கும் அரிதட்டு ஒன்றும் வெள்ளை நிறப் பேசின் ஒன்றும் இருந்தால் போதும். ஓடையில் ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியில் உள்ளதை அரிதட்டில் ஏந்திப் பேசினில் இடுங்கள்.

வாலில் மூன்று மயிரும் உடலின் இருபக்கமும் அசையும் செவுள்களும் கொண்ட சிறு பூச்சி காணப்பட்டால், அது பெரும்பாலும் மே ஈ எனப்படுவதன் குஞ்சு. மணற்துகள்களை ஒட்டிக் குழல் போலக் கூடு கட்டி அதற்குள் வாழும் வேறொரு பூச்சியும் கிடைக்கலாம். இவற்றிற் பல, பிராணவாயு நிறைந்த சுத்தமான நீரையே நாடும். அழுக்குத் தேங்கிய நீரிலோ சிவப்புப் புழுக்களே பெருகியிருக்கும். நமது இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஈமோகுளோபின் அவற்றின் உடலிலும் உண்டு. அதனால் பிராணவாயு குறைந்த சேற்றிலும் அவை உயிர்வாழ்கின்றன. ஆகவே, எந்த உயிர் இருக்கிறது, எது இல்லை என்பதைக் கொண்டே ஓடையின் நலத்தை அறியலாம். பார்த்து முடிந்ததும் உயிர்களை எடுத்த இடத்திலேயே விட்டு, புரட்டிய கல்லையும் முன்போல வையுங்கள். அதுவும் பாடத்தின் ஒரு பகுதியே.

மூன்றாம் இடம்: கெட்டம்பே

கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத ஏல என்ற நடுக்கால்வாய், நகரின் ஊடாக ஓடி, கெட்டம்பேப் பக்கத்தில் மகாவலியில் விழுகிறது. கடைகளின் கழிவும், வீட்டுக் கான்களின் சவர்க்கார நுரையும், பொலித்தீன் பைகளும் அதனோடு வருகின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் இந்த இடத்திற்கே பிள்ளைகளை அழைத்து வர வேண்டும். பாதுகாப்பான தூரத்தில் நின்று, கால்வாயின் நிறத்தையும் ஆற்றின் நிறத்தையும் ஒப்பிடட்டும்.

பின்பு சொல்லுங்கள்: இந்த ஆறு இங்கிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறது. அங்கே இதே நீரை எடுத்து, சுத்திகரித்து, கண்டிப் பகுதி வீடுகளுக்குக் குழாய்வழி அனுப்புகிறார்கள். இன்னும் கீழே பொல்கொல்ல அணை இருக்கிறது. 1976 முதல் அங்கிருந்து ஒரு பகுதி நீர் சுரங்கவழியே உக்குவளைக்குத் திருப்பப்பட்டு, வரண்ட பிரதேச வயல்களுக்குப் போகிறது. மிகுதி நீர் 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் உயரமான விக்ரோறியா அணையை அடைகிறது. நாம் கானில் ஊற்றியது ஒருவருடைய குவளைக்கும், மற்றொருவருடைய வயலுக்கும் போய்ச் சேருகிறது. நமக்கும் மேலே ஒருவர் ஊற்றியது நம்மிடம் வருகிறது. “அடுத்த வீட்டார் யார்?” என்ற கேள்விக்கு ஆறு தரும் விடை இது.

ஆசிரியர் கையுறை அணிந்து இரண்டு போத்தல்களில், ஒன்றில் ஆற்று நீரும் மற்றதில் கால்வாய் நீரும் எடுத்து, இறுக மூடி வகுப்புக்குக் கொண்டுவரலாம். ஒரு நாள் அசையாமல் வைத்தால் சேறு அடியில் படியும். மேல்நீர் தெளிந்ததும் ஒரு பிள்ளையாவது, “இனிக் குடிக்கலாமா?” என்று கேட்கும். தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் அல்ல, நோய்க்கிருமி கண்ணுக்குத் தெரியாது என்று அப்போது சொன்னால், அது வாழ்நாள் முழுவதும் மறக்காது.

அச்சமும் அறிவும்

“ஆற்றுப் பக்கமே போகாதே” என்று சொல்லி வளர்க்கும் பெற்றோர் பலர். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில், மகாவலி கரைமீறி, கம்பளையிலும் பேராதனையிலும் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் புகுந்ததைப் பிள்ளைகளும் கண்டனர். அன்று முதல் மழை இரைந்தாலே நடுங்கும் சிறுவர் இருக்கலாம். அவர்களிடம் ஆற்றைப் பற்றிப் பேசாமல் விட்டால் அச்சம் தீராது. வெள்ளம் ஏன் வந்தது, எந்த இடம் தாழ்வானது, எச்சரிக்கை வந்ததும் எங்கே போக வேண்டும் என்று அறிந்த பிள்ளைக்கு அச்சம் எச்சரிக்கையாக மாறும்.

மறுபுறம், விலக்கியே வளர்த்த பிள்ளை பதினாறு வயதில் நண்பர்களோடு தானே ஆற்றுக்குப் போகும். சுழி எது, ஆழம் எது என்று அதற்குத் தெரியாது. குளிக்கப் போனவர் மூழ்கினார் என்ற செய்தி விடுமுறை தோறும் வருகிறதே! ஆற்றை அறியாத பிள்ளையால் ஆற்றுக்கும் ஆபத்து, அந்தப் பிள்ளைக்கும் ஆபத்து.

ஆகவே சில ஒழுங்குகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆசிரியர் முதல் நாளே இடத்தைப் பார்த்துவர வேண்டும். ஆறு ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும்; பெற்றோரும் உடன் வரலாம். மேலே மழை பெய்தாலோ, கொத்மலை அணையின் கதவுகள் திறக்கப்படும் என்று அறிவித்தாலோ பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இங்கே வெயில் எறித்தாலும் நீர் திடீரென உயரும். காலில் புண் உள்ள எவரும் நீரைத் தொட வேண்டாம். எலிக்காய்ச்சல் அவ்வழியே வரும். வீடு திரும்பியதும் எல்லாரும் சவர்க்காரமிட்டுக் கைகால் கழுவட்டும்.

குடும்பத்தில் கலந்துரையாட

1. நமது வீட்டுக் கான் எந்த ஓடையில் சேருகிறது? ஒருநாள் பிள்ளையோடு நடந்துபோய்ப் பார்த்தோமா?

2. குசினி எண்ணெய், பழைய மருந்து, பெயின்ற் மிச்சம் ஆகியவற்றை எங்கே கொட்டுகிறோம்?

3. வெள்ள எச்சரிக்கை வந்தால் நம் குடும்பம் எந்த வழியாக, எங்கே போகும்? பிள்ளைக்கு அது தெரியுமா?

பாடசாலை ஒழுங்கு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலாம் கேள்விக்கு வரும் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு நடக்கும் வழியிலேயே விடை தேடலாம். பிள்ளை முன்னே நடக்கட்டும். கான் போகும் பக்கம் நாமும் பின்னே போவோம்.