ரிங்லெட் குட்டிகளுக்குக் கோஸ் இலையும் செம்பனைப் புண்ணாக்கும்

கேமரன் மலையின் ரிங்லெட் பக்கம் செம்மறி ஆடு வளர்ப்பவர்களுக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. காய்கறித் தோட்டங்களில் கழிக்கும் முட்டைக்கோஸ் இலை, சர்க்கரைவள்ளிக் கொடி, சோளத்தட்டை எல்லாம் பக்கத்திலேயே உண்டு. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் தவிடும் சமவெளியிலிருந்து வரும். பால் மறந்த குட்டியை இவற்றைக் கொண்டே தேற்றலாம். ஆனால், புண்ணாக்கில் தாமிரம் உண்டு, செம்மறிக்கு அது எமன். அதை மனத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

முதலில் இலை. கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தார் என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். காத்திருப்பு நாள் முடியாத இலை வேண்டாம். தாமிரப் பூஞ்சைக்கொல்லி பட்ட இலை எப்போதுமே வேண்டாம். கோஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் ஒரு நாள் நிழலில் பரப்பி வாட்டி, புல் தின்ற பிறகு போடுங்கள். அளவு மீறினால் இரத்தச் சோகை வரும்.

20 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு: நறுக்கிய நேப்பியர் புல் 2 கிலோ, வாட்டிய கோஸ் அரைக் கிலோ, செம்பனைப் புண்ணாக்கு 150 கிராம், ஈரமான சோயாச் சக்கை 400 கிராம், தவிடு 80 கிராம், சுண்ணாம்புக்கல் தூள் ஒரு தேக்கரண்டி. சுண்ணாம்பை விட்டுவிடாதீர்கள், தவிட்டிலும் புண்ணாக்கிலும் பாஸ்பரஸ் மிகுதி, கிடாக்குட்டிக்குச் சிறுநீர்க் கல் அடைக்கும். சோயாச் சக்கை அன்றன்றைக்கு வாங்கியதாக இருக்கட்டும், புளித்தால் கொட்டிவிடுங்கள். தேயிலைக் கழிவை நான் சேர்ப்பதில்லை. அதிலுள்ள டானின் புரதத்தைக் கட்டிப்போடும்.

புண்ணாக்கு மலிவு என்று அள்ளிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. உலர்தீனிக் கணக்கில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன அளவு அதற்குக் கீழேதான். தாமிரம் வாரக்கணக்கில் ஈரலில் சேரும், வெளியே ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு நாள் கண் மஞ்சளாகும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஓரிரு நாளில் குட்டி போய்விடும். அந்த நிறத்தைக் கண்டதும் புண்ணாக்கையும் கோஸையும் நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். மாட்டுக்கும் பன்றிக்கும் விற்கும் தாது உப்பும் கோழித்தீவனமும் பட்டிக்குள் நுழையவே கூடாது.

புதுத் தீனியை இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை ஏறவில்லையென்றால் புண்ணாக்கைக் கூட்டாமல் கீழிமையை விலக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால், இந்த ஈரத்தில், பெரும்பாலும் குடற்புழுதான்.