முதல் வாடிக்கையாளர் கிடைத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,



திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி உனக்கும் உன் நண்பனுக்கும் முதல் வேலையைக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். "ஸ்டாக் பார்க்க ஒரு ஆப் வேண்டும்" என்று முதலாளி சொன்னாராம். அன்று இரவே இருவரும் புரோகிராம் எழுத உட்கார்ந்துவிட்டீர்களாம். உங்கள் உற்சாகம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனாலும் ஒரு வாரம் லேப்டாப்பை மூடி வையுங்கள் என்றுதான் சொல்வேன். கோடிங் உங்களுக்கு வரும். வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதைத்தான் எந்தக் கல்லூரியும் உங்களுக்குக் கற்றுத் தரவில்லை. இந்தத் தொழிலில் திறமை போதாமல் கெடும் வேலைகளைவிட, தெளிவு இல்லாமல் கெடும் வேலைகளே அதிகம். எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கம்பெனிக்குப் போ. முதலாளியின் ஏசி அறையோடு நின்றுவிடாதே. ஸ்டோருக்குப் போ, கட்டிங் மேசைக்குப் போ, செக்கிங் நடக்கும் இடத்துக்குப் போ. நூல் வாங்குகிறார்கள், அது நிட்டிங்குக்குப் போகிறது. துணியாகி சாயப்பட்டறைக்குப் போகிறது, காம்பாக்டிங் முடிந்து திரும்புகிறது. பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். இதில் பாதி வேலை வெளியே ஜாப் ஒர்க்காக நடக்கும். துணி ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் ஒரு டிசி (டெலிவரி சலான்) போடுவார்கள். போன எடைக்கும் வந்த எடைக்கும் வித்தியாசம் இருக்கும். அதில் எவ்வளவு இயல்பான கழிவு, எவ்வளவு கணக்கில் வராத இழப்பு என்பதுதான் முதலாளியின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. அவர் 'ஸ்டாக்' என்று சொன்னாலும் மனதில் இருப்பது, "என் துணி இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது" என்பதே. அந்தக் கேள்விக்கு விடை தராத ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மாதத்துக்குமேல் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள்.

அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் சில. இப்போது இந்தக் கணக்கை எதில் எழுதுகிறீர்கள்? நோட்டிலா, எக்செல்லிலா, டேலியிலா, வாட்ஸ்அப் குரூப்பிலா? கடைசியாகக் கணக்கு தவறியது எப்போது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இந்த ஆப்பில் தினமும் விவரம் பதியப் போவது யார்? பெரும்பாலும் அது ஸ்டோர்க்காரர் அண்ணனாகத்தான் இருக்கும், அவரோடு அரை நாள் உட்கார். பணம் கொடுப்பவர் முதலாளி என்றாலும் ஆப் பிழைப்பதும் சாவதும் ஸ்டோர்க்காரர் கையில்தான். அவருக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் திரை முழுவதும் தமிழில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடு: "கடைசி முடிவு யாருடையது?" முதலாளி ஒன்று சொல்வார், அவர் மகன் ஒன்று சொல்வார், கணக்குப்பிள்ளை வேறொன்று சொல்வார். மூவர் சொல்வதையும் மரியாதையாகக் கேட்டுக்கொள். வேலையை மாற்றுவது மட்டும் ஒருவர் சொல்லின் பேரில் நடக்கட்டும்.

கேட்டதையெல்லாம் எழுது. இரண்டு பக்கம் போதும். அதில் எதெல்லாம் உண்டு என்பதோடு எதெல்லாம் இல்லை என்பதும் இருக்க வேண்டும். 'சம்பளக் கணக்கு இதில் வராது', 'டேலியோடு இணைப்பு இதில் வராது' என்று வெளிப்படையாக எழுது. எந்த நிலையில் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம் என்பதையும் எழுது. 'ஸ்டாக் ரிப்போர்ட் சரியாக வர வேண்டும்' என்று எழுதினால் நாளைக்குச் சண்டை வரும். 'ஒரு மாதத்து டிசி அனைத்தையும் பதிந்து, ஒவ்வொரு சாயப்பட்டறையிலும் நிற்கும் துணியின் எடையைக் கையால் எழுதிய கணக்கோடு ஒப்பிட்டால் இரண்டும் பொருந்த வேண்டும்' என்று எழுதினால் சண்டைக்கே இடமில்லை. முதலாளி தமிழில் படிப்பவர் என்றால் அந்த இரண்டு பக்கமும் தமிழிலேயே இருக்கட்டும். படிக்க முடியாத தாளில் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

எழுதிவிட்டால் மட்டும் போதாது, எழுதியபடி நடக்கிறதா என்று சரிபார்க்கவும் வேண்டும். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடையும்போது தொலைந்துபோனது. அதைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மென்பொருள் ஒன்று, உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. வாங்கிப் பயன்படுத்திய நாசா தரப்பு அதை மெட்ரிக் அளவு என்று எடுத்துக்கொண்டது. மெட்ரிக்கில்தான் தர வேண்டும் என்று இரு தரப்புக்குமான ஆவணத்தில் தெளிவாகவே இருந்தது. கொடுத்த எண்களை அதோடு யாரும் சரிபார்க்கவில்லை. பாதையில் ஏதோ வேறுபாடு தெரிகிறது என்று சிலருக்குச் சந்தேகமும் வந்தது. ஆனால் அது முறைப்படி பதிவாகி மேலே போகவில்லை. உன் வேலையிலும் இதே ஆபத்து இருக்கிறது. பனியன் கம்பெனியில் கட்டிங் வரை கணக்கு கிலோவில் ஓடும், கட்டிங்குக்குப் பிறகு பீஸில் ஓடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தப்பு நுழையும். ஆகவே முதல் இரண்டு வாரத்திலேயே அவர்களுடைய உண்மையான டிசி பத்தை வாங்கி ஆப்பில் பதிந்து, அவர்கள் கண்ணெதிரே கணக்கைப் பார். சந்தேகம் வந்தால் அன்றே எழுத்தில் கேள்.

அடுத்தது, நடுவழியில் வரும் மாற்றம். "இதையும் சேர்த்துவிடுங்கள், சின்ன வேலைதானே" என்று கட்டாயம் சொல்வார்கள். அதற்காக அவர்கள்மேல் கோபப்படாதே. செய்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தனக்கு வேண்டியது என்ன என்று எவருக்கும் தெளிவாகும். 2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, மாற்றத்தை வரவேற்கச் சொன்னதும் இதனால்தான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு, நாளாகவோ பணமாகவோ. அந்த விலையைச் சொல்லாமல் தலையாட்டுவதுதான் தவறு.

டென்வர் விமான நிலையத்தின் கதை இதற்குச் சாட்சி. பயணிகளின் பெட்டிகளைத் தானாகவே கொண்டுசெல்லும் பெரிய அமைப்பு ஒன்றை அங்கே கட்டினார்கள். கட்டடம் பாதி எழுந்த பிறகுதான் அந்த ஒப்பந்தமே கையெழுத்தானது. வேலை நடக்கும்போதே விமான நிறுவனங்கள் மாற்றங்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. 1993 அக்டோபரில் திறந்திருக்க வேண்டிய நிலையம் 1995 பிப்ரவரி 28 அன்றுதான் திறந்தது. அந்தத் தானியங்கி அமைப்பை 2005-ல் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். நீ செய்ய வேண்டியது எளிது. மாற்றம் கேட்ட அன்றே, "சார், இதைச் சேர்க்க ஐந்து நாள் கூடும், இவ்வளவு தொகை கூடும். அல்லது வேறொன்றை அடுத்த கட்டத்துக்குத் தள்ளலாம். எது உங்களுக்கு வசதி?" என்று எழுதி அனுப்பு. பதில் வந்த பிறகு வேலையைத் தொடு. போனில் பேசியிருந்தால், பேசியதை அன்று மாலைக்குள் நான்கு வரியில் அனுப்பிவிடு.

கெட்ட செய்தியை முதலில் சொல்பவனாக நீயே இரு. வேலை தாமதமாகும் என்று உனக்குத் தெரிந்த நாளிலேயே வாடிக்கையாளருக்கும் தெரிய வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஷிப்மெண்ட் தேதி என்பது உயிர்நாடி. ஆகவே பத்து நாள் முன்பே சொன்னால் அவர் மாற்று ஏற்பாடு செய்துகொள்வார், கடைசி நாளில் சொன்னால் உன்னை மறுபடி நம்ப மாட்டார். தாமதத்தை மறைக்க நான்கு நண்பர்களைக் கூட்டி வந்து உட்கார வைக்காதே. தாமதமான மென்பொருள் வேலையில் புதிதாக ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார். ஐபிஎம் நிறுவனத்தில் ஒரு பெரிய மென்பொருள் பணியை நடத்திய அனுபவத்தில் எழுதியது அது. வேலையின் அளவைக் குறை, அல்லது தேதியை மாற்று. நேர்மையான வழிகள் இந்த இரண்டும்தான்.

பணத்தைப் பற்றிப் பேச நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாதே. முன்பணம் எவ்வளவு, எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு, கடைசித் தவணை எப்போது என்பதை அதே இரண்டு பக்கத்தில் எழுது. நீ ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால் தொகைக்கு மேல் 18 சதவீதம் வரும் என்று முன்கூட்டியே சொல். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை நம் மாநிலத்தில் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போடுவது சட்டப்படி தவறு. டிடிஎஸ் பிடித்தால் கலங்காதே. அது உன் பெயரில் கட்டப்படும் வரி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிசெய்துகொள்ளலாம்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை இப்போதே செய்துவிடு. ஆன்லைனில் இலவசமாகச் செய்யலாம். 2006-ம் ஆண்டின் சிறு குறு நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குமேல் நிறுத்தி வைக்க முடியாது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி இதற்கு இன்னும் வலு சேர்த்தது. கெடு தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை, வேலையை வாங்கிய வாடிக்கையாளர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கொடுக்கும் ஆண்டில்தான் காட்ட முடியும். இதையெல்லாம் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உன் உரிமை உனக்குத் தெரிந்திருந்தால் குரலை உயர்த்தாமலே பேச முடியும்.

எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்பதை இளைஞர்கள் பலர் யோசிப்பதே இல்லை. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் நிரலை இலக்கியப் படைப்பின் கீழ் வைத்திருக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதவரை உரிமை முதலாளிக்கு. உன்னைப்போல் வெளியிலிருந்து செய்து தருபவர் எழுதினால் முதல் உரிமை பொதுவாக எழுதியவருக்கே. அதை வாடிக்கையாளருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே எதைக் கொடுக்கிறாய், எப்போது கொடுக்கிறாய், உன் பொதுவான கருவிகளில் எதை நீ வைத்துக்கொள்கிறாய் என்று எழுது. முழுப் பணம் வந்ததும் உரிமை மாறும் என்பது இருவருக்கும் நியாயமான ஏற்பாடு.

டொமைன், சர்வர் இரண்டையும் வாடிக்கையாளர் பெயரிலேயே, அவருடைய மின்னஞ்சலிலேயே பதிவு செய். பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு பாக்கி வசூலிப்பது தொழில் ஆகாது. தொழிலாளர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவை உன் கைக்கு வரலாம். ஆப்பைச் சோதிக்க இப்படிப்பட்ட தனிநபர் விவரத்தைப் பயன்படுத்தாதே. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வராதிருந்தாலும் அந்த விவரம் பிறர் நம்பி ஒப்படைத்த பொருள்தான்.

சில வேலைகளுக்கு 'முடியாது' என்று சொல்லப் பழகு. இரண்டு மாத வேலையைப் பதினைந்து நாளில் கேட்டாலோ, போட்டிக் கம்பெனியின் தளத்தை அப்படியே நகலெடுக்கச் சொன்னாலோ, பொய்யான பாராட்டுகளை எழுதித் தரச் சொன்னாலோ மரியாதையாக மறுத்துவிடு. முடியாததை ஏற்றுக்கொண்டு நடுவில் கைவிடுவதைவிட, வாசலிலேயே மறுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் நன்மை.

ஒப்படைக்கும் நாளோடு உறவு முடிவதில்லை. ஸ்டோர்க்காரருக்குப் பழக்கிக் கொடு, படம் போட்டுத் தமிழில் ஒரு கையேடு எழுதிக் கொடு. இத்தனை மாதம் பிழைகளை இலவசமாகத் திருத்துவோம், அதன்பின் ஆண்டுப் பராமரிப்புக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவை. ஒப்புக்கொண்டது நடக்காவிட்டால் அது பிழை, ஒப்புக்கொள்ளாததைக் கேட்டால் அது புது வேலை. இந்தப் பிரிவு எழுத்தில் இருந்தால் பல வருத்தங்கள் வராமலே போகும்.

தம்பி, இவ்வளவு எழுதச் சொல்கிறேனே, வாடிக்கையாளரை நம்பக் கூடாதா என்று நினைக்கலாம். நம்ப வேண்டும் என்பதால்தான் எழுதச் சொல்கிறேன். நினைவு இருவருக்கும் மாறும், எழுதி வைத்தது மாறாது. ஆகவே திங்கட்கிழமை காலையில் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த ஸ்டோருக்குப் போ. முதல் நாள் முழுவதும் கேள்விகள் மட்டும் கேள். இரண்டு பக்கத்தையும் எழுதி முடித்ததும் முதலாளிக்குக் காட்டும் முன் எனக்கு அனுப்பு, படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்