குனிந்த தலையும் குறுக்கு வலியும்

உடல்நோவைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கடுப்பு, குடைச்சல், உளைச்சல், பிடிப்பு, சுளுக்கு, மரத்துப்போதல் எனப் பல சொற்களை நம் மக்கள் நாள்தோறும் ஆள்கின்றனர். இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கொள்ளுதல் பொருந்தாது. நெடுநேரம் இறுகியிருந்த தசை கடுக்கும். திடீரென இழுபட்டது சுளுக்கிக்கொள்ளும். நெருக்குண்ட நரம்போ மரத்துப்போகும். மருத்துவர் வினவி அறிய விரும்பும் வேறுபாடுகள் இச்சொற்களுக்குள்ளேயே அடங்கியுள்ளன. நெல்லைச் சீமையில் இடுப்பின் பின்புறத்தைக் ‘குறுக்கு’ என்பர். அங்குப் பீடி சுற்றும் மகளிரிடம் உடல்நலம் கேட்டால், “குறுக்கு ஒடியுது” என்னும் விடையை அடிக்கடி கேட்கலாம். குறுக்கும் கழுத்தும் கையும் தொழிலினால் நோவது எங்ஙனம், அதனைத் தடுப்பது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண முற்படுகிறோம்.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியைக் காணும் மருத்துவர் ‘உன் தொழில் யாது?’ என்றும் கேட்டல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. 1713-இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் எழுத்தர்களின் நோயை ஆராய்ந்து மூன்று காரணங்களைக் கூறினார்: இடையறாது அமர்ந்திருத்தல், கையை ஒரே வகையில் ஓயாது அசைத்தல், பிழை நேராதபடி மனத்தை இறுக்கி வைத்தல். வலக்கை சோர்ந்துபோன ஓர் எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகியதையும், நாளடைவில் அக்கையும் சோர்ந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். எழுதுகோலை எடுத்துவிட்டு அவ்விடத்தில் பீடி இலையை வைத்துப் பாருங்கள். மூன்று காரணங்களும் அப்படியே பொருந்தும்.

மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்கள் ஒருகாலத்தில் தறியோசையால் அறியப்பட்டவை. நெசவு நலிந்த வீடுகள் பலவற்றில் பீடி இடம்பிடித்தது. குழித்தறியின்முன் வளைந்த முதுகு பின்னர்ச் சுளகின்முன் வளைந்தது. இம்மலரைப் புரட்டும் மாணவர் சிலருடைய கல்விக் கட்டணமும் அச்சுளகிலிருந்து வந்ததே என்பதை நாம் மறத்தலாகாது.

தொழிலின் நடைமுறையைச் சற்றே நோக்குவோம். இலையை நனைத்துப் பதப்படுத்தி, அளவாக வெட்டி, தூளை நிரவி, உருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். வெட்டுவதை விட்டுவிட்டாலும், இலை எடுத்தல், தூள் வைத்தல், உருட்டல், கட்டல், மடக்கல் என ஒரு பீடிக்கு ஐந்து கைவினைகள். ஆயிரம் பீடிக்கு ஐயாயிரம். பத்து மணி நேரத்தில் ஆயிரம் சுற்றுபவர்க்கு ஒரு பீடிக்குக் கிடைப்பது 36 விநாடி. அத்தனை நேரமும் சுளகு மடியில், கண் சுளகில், தலை நெஞ்சை நோக்கிக் குனிந்தபடி.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருக்கையில் அது கழுத்தெலும்பின்மீது நேராக நிற்கிறது. குனிந்தவுடன் அச்சுமை முன்னே சாய, பிடரித் தசைகள் அதனை விழாமல் இழுத்துப் பிடிக்கின்றன. இழுத்துப் பிடித்த தசையில் குருதியோட்டம் குறைகிறது, கடுப்பு பிறக்கிறது. கீழ்முதுகின் நிலை வேறு. முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டத் தட்டுகளுக்கு, வளர்ந்தோரிடம், நேரடிக் குருதியோட்டம் மிகமிகக் குறைவு. அழுத்தமும் தளர்ச்சியும் மாறிமாறி வரும்போதுதான் அவை ஊட்டம் பெறுகின்றன. அசையாது கூனி அமர்வதால் அழுத்தம் மட்டுமே தொடர்கிறது. ஆகவே, ‘உட்கார்ந்து செய்யும் வேலைதானே’ என்று ஆடவர் சொல்லும் ஏளனத்தில் பொருளில்லை. கையைப் பொறுத்தவரை, மணிக்கட்டில் ஒரு குறுகிய வழி உண்டு. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. மணிக்கட்டை மடக்கி விரல்களை ஓயாது இயக்குங்கால் நாண்கள் தடித்து நரம்பை நெருக்கும். இரவில் விரல்கள் மரத்து விழிப்புத் தட்டுவது இதன் தொடக்க அறிகுறி.

இவ்வளவும் அறிந்தும் ஏன் ஓய்வு கொள்வதில்லை? கூலி எண்ணிக்கைக்கே, நேரத்திற்கு அன்று. சரியில்லை என்று கழிக்கப்படும் பீடிக்குக் கூலியும் இல்லை. ராமஸ்ஸினி சொன்ன மன இறுக்கம் இங்கேதான் புகுகிறது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பணியிடங்களில் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என வரையறுத்து, இடையே அரைமணி ஓய்வையும் வகுத்தது. வீட்டுத் திண்ணைக்கு அந்த மணிக்கணக்கு வந்து சேரவில்லை. லுஹர் தொழுகைக்கு எழும் வேளையே பலருக்குப் பகலில் முதுகு நிமிரும் வேளை.

தடுப்பு முறைகளுள் முதலாவது, தலையைச் சுளகிடம் கொண்டுசெல்லாமல் சுளகைத் தலைக்கருகே உயர்த்துதல். மடியில் கெட்டியான தலையணை ஒன்றையோ, முன்னே தாழ்ந்த பலகை ஒன்றையோ வைத்து, சுளகு முழங்கை உயரத்திற்கு வருமாறு செய்தால் கழுத்தின் சாய்வு பெரிதும் குறையும். மடித்த சமுக்காளத்தின்மீதோ மணையின்மீதோ அமர்ந்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கச் செய்தல் நன்று. முதுகுக்குச் சுவர் வேண்டும். குறுக்கின் வளைவில் சுருட்டிய துணி வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

இரண்டாவது, வேலையை மாற்றி மாற்றிச் செய்தல். இலை முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டாமல், ஈரத்துணியில் பொதிந்து வைத்து, சிறிது வெட்டுவதும் சிறிது சுற்றுவதுமாக இருக்கலாம். வெட்டும் வேலையை மேசையருகே நின்றும் செய்யலாம். கத்தரிக்கோல் மழுங்கியிருந்தால் கட்டைவிரலே அதற்கு விலை கொடுக்கிறது. சாணை பிடிப்பதைத் தள்ளிப்போடலாகாது.

மூன்றாவது, எழுந்து நிற்றல். இதற்குக் கடிகாரம் தேவையில்லை. முன்சொன்ன வேகத்தில் 50 பீடிக்கு அரைமணி. இருபத்தைந்து கொண்ட கட்டு இரண்டு முடிந்ததும் எழுந்து, கைகளை உதறி, தோளைப் பின்னே உருட்டி, இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்சாய்ந்து, நாலு எட்டு நடந்து வருக. இரண்டு நிமிடம் போதும். நாள் முழுதும் இருபது முறை எழுந்தால் 40 நிமிடம் கழியும். அறுபதுக்கு மேற்பட்ட பீடிகளின் கூலி அது. சிறிதென்று நாம் சொல்ல மாட்டோம். அந்த 40 நிமிடத்தை வீட்டிலுள்ள மற்றவர் ஈடுசெய்யலாம். தண்ணீர்க் குடம் சுமப்பதும், கடைக்குப் போய் இலையும் தூளும் வாங்கி வருவதும் கல்லூரி செல்லும் மகனால் முடியாத காரியங்களா என்ன! அன்றியும், நெடுநேரம் கூனி அமர்ந்த உடனே குடத்தைத் தூக்குவது குறுக்குக்குக் கேடு. சில நிமிடம் நடந்தபின்னரே சுமை எடுக்க வேண்டும்.

வலி வந்துவிட்டால் பலநாள் படுக்கையில் கிடத்தல் பழைய முறை. சாதாரண முதுகுவலிக்கு இயன்ற அளவு நடமாடுவதே நலம் என்பது இன்றைய மருத்துவக் கொள்கை. வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் உளர். இரைப்பையும் சிறுநீரகமும் பழுதுபடும்.

சில அறிகுறிகளுக்குக் கைவைத்தியமும் நீவி விடுதலும் உதவா. காலோ கையோ வலுவிழத்தல், தொடைகளின் உட்புறம் மரத்தல், சிறுநீர், மலம் அடக்க இயலாமை அல்லது சிறுநீர் கழியாமை, காய்ச்சலோடு கூடிய முதுகுவலி, காரணமின்றி எடை குறைதல், விழுந்தபின் தோன்றிய கடும் வலி ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று காணினும் அன்றைய பீடிக் கணக்கை அப்படியே விட்டு, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.