மின் சிகரெட் மனக் கவலையைப் போக்குமா?

பார்ப்பதற்குப் பேனா போல இருக்கும். உள்ளே ஒரு சிறு பேட்டரி. ஒரு கம்பிச் சுருள். கொஞ்சம் திரவம். உறிஞ்சினால் கம்பி சூடாகும். திரவம் ஆவியாகும். ஆவி நுரையீரலுக்குள் போகும். இதுதான் மின் சிகரெட். 'வேப்' என்றும் சொல்வார்கள்.

"இதில் சாம்பல் இல்லை. நாற்றம் இல்லை. மனக் கவலைக்கும் நல்லது" என்கிறார்கள் சிலர். இது உண்மையா?

பெரும்பாலான மின் சிகரெட்டுகளில் நிகோட்டின் இருக்கிறது. பீடியிலும் குட்காவிலும் இருப்பது இதே நிகோட்டின்தான். அது மனிதனை அடிமையாக்கும்.

மூளையில் நடப்பது என்ன?

உள்ளே இழுத்த நிகோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போகும். அங்கே டோபமைன் என்ற பொருள் சுரக்கும். மனம் லேசானது போல இருக்கும். ஆனால் சிறிது நேரம்தான். நிகோட்டின் குறைந்ததும் எரிச்சல் வரும். படபடப்பு வரும். வேலையில் கவனம் நிற்காது. மறுபடியும் இழுத்தால் படபடப்பு அடங்கும்.

"என் கவலை தீர்ந்தது" என்று அவர் நினைப்பார். தீர்ந்தது எந்தக் கவலை? நிகோட்டின் குறைந்ததால் வந்த படபடப்புதான். வாங்கிய கடன் அப்படியே இருக்கும். வீட்டுச் சண்டையும் அப்படியே இருக்கும். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, நிகோட்டின் செய்வது அதைத்தான்.

நிகோட்டின் தூக்கத்தையும் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மனம் சோரும். மனம் சோர்ந்தவர் மீண்டும் அதையே தேடுவார்.

விட முடியுமா?

ஓர் ஆலைத் தொழிலாளி சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் கேட்டார்.

"விட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது, சிஸ்டர்."

"முதல் வாரம் கஷ்டம்தான், தம்பி. கோபம் வரும். தூக்கம் வராது. மூன்று, நான்கு வாரங்களில் குறையும். புகைப்பதை விட்டவர்களுக்கு முன்பைவிட மனக் கவலை குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன."

"மனச் சோர்வுக்கு நான் மாத்திரை சாப்பிடுகிறேனே?"

"அப்படியானாலும் விடலாம். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒன்று சொல்கிறேன், தம்பி. இதை விட்டுவிட்டுப் பீடிக்குப் போய்விடாதீர்கள்."

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு மின் சிகரெட்டைத் தடை செய்தது. அதைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஆகவே இன்று விற்பவை எல்லாம் திருட்டுச் சரக்கு. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

உதவி எங்கே கிடைக்கும்?

புகையிலைப் பழக்கத்தை விட: 1800-11-2356. கட்டணம் இல்லை.
மனக் கவலைக்கு: டெலி மானஸ், 14416. 2022-இல் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

கவலையை வாய்விட்டுச் சொல்வது வெட்கம் அல்ல. சொன்னால் பாரம் குறையும்.

பயிற்சி

1. மின் சிகரெட்டில் உள்ள போதைப் பொருள் எது?
2. மீண்டும் இழுத்ததும் படபடப்பு அடங்குவது ஏன்?
3. கோடிட்ட இடத்தை நிரப்புக: மனக் கவலைக்கு அழைக்க வேண்டிய எண் ______.
4. உங்கள் வீட்டில் யாராவது புகைக்கிறார்களா? அவரிடம் என்ன சொல்வீர்கள்? மூன்று வரி எழுதுக.