தன்னார்வலர் குழுவுக்கு ஏற்ற கட்டற்ற மென்பொருள்

ராயக்கோட்டைப் பகுதியில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் பேசும் குழந்தைகள் உண்டு. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களைப் போன்றோருடன் மும்மொழிச் சொற்பட்டியல் தயாரிக்க விரும்பும் ஆசிரியர், கருவியை மூன்று கேள்விகளால் சோதிக்கலாம்.

1. கைபேசி உலாவியிலேயே இயங்குமா? சேர்ந்து எழுத ஈதர்பேடு இயங்கும்.

2. எழுதியதைப் பதிவிறக்க முடியுமா? ஈதர்பேடில் முடியும். ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் மூன்று மொழி எழுத்துகளும் சிதையா.

3. யார் பார்க்க முடியும்? ஈதர்பேடு இணைப்பு கிடைத்தவர் எவரும் திறக்கலாம். எனவே மாணவர் பெயர், படம், கைபேசி எண் சேர்க்க வேண்டாம்.

நீண்டகாலப் பணிக்கு மீடியாவிக்கி பொருந்தும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அதில்தான் இயங்குகிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பக்க வரலாற்றில் பதிவாகும். ஆசிரியர் மாறுதலாகிச் சென்றாலும் அடுத்தவர் தொடரலாம்.

செயல்பாடு: குறுவள மையக் கூட்டத்தில் பத்துச் சொற்களை உள்ளிட்டு, பதிவிறக்கி, வேறொரு கைபேசியில் திறந்து பாருங்கள்.