கழுவெளியில் ஒரு தைக் கணக்கு

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கிளியனூரிலிருந்து கிழக்கே சைக்கிளை மிதித்தால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் கழுவெளி இருக்கிறது. 5,151.6 ஹெக்டேர் பரப்பு. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்னீர் நிறையும். மரக்காணம் பக்கம் உப்பங்கழியும் எடையன்திட்டு முகத்துவாரமும் அதைக் கடலோடு சேர்க்கின்றன. நன்னீரும் உப்புநீரும் சேறும் அடுத்தடுத்துக் கிடப்பதால் வாத்து, உள்ளான், பூநாரை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பந்தி.

தை பிறக்கும்போது நீர் வற்றத் தொடங்கி, கரையோரச் சேறு தலைகாட்டும். சைபீரியத் துருவ நிலத்தில் குஞ்சு பொரித்த கொசு உள்ளான்கள் அந்தச் சேற்றில்தான் இரை கொத்துகின்றன. ஒன்றின் எடை ஏறக்குறைய 25 கிராம். அந்த உடம்போடு மத்திய ஆசியா வழியாக இவ்வளவு தூரம் வருகிறதே என்று நினைத்தால் இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

உங்கள் ஊரிலிருந்து போகிறவர்கள் மேற்குக் கரையில் நிற்பார்கள். காலையில் வெயில் கண்ணில் அடிக்கும். பிற்பகலில் முதுகுப்பக்கம் விழும். அதனால் மூன்று மணிக்கு மேல் போ. முதலில் பெயரைத் தேடாதே, இரை தேடும் விதத்தைப் பார். கோணமூக்கு உள்ளான் மேலே வளைந்த அலகைப் பக்கவாட்டில் வீசும். ஊசிவால் வாத்து தலைகீழாய்க் கவிழ்ந்து வாலை மட்டும் நீட்டும். தட்டைவாயன் நீரை அலகால் வடிகட்டும்.

பார்ப்பதோடு எண்ணவும் வேண்டும். 1900-இல் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வேட்டைக்கு மாற்றாகப் பறவைகளை எண்ணலாம் என்றார் பிராங்க் சாப்மேன். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. இந்தியாவில் அதற்குத் துணை நிற்பது 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழித்தடத்தை அறிந்ததும் அதே கழகம்தான்.

கழுவெளிக்கும் இப்படிக் கைகொடுத்தவர்கள் உண்டு. ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனக் குழுவினர் சுற்றியுள்ள கிராமங்களில் மரம் வளர்த்தார்கள்; நடுக்குப்பம் பள்ளியில் சூழல் கல்வி நடத்தினார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் ஆக்கிரமிப்பு, இறால் பண்ணை, கள்ள வேட்டை என்ற பழைய தொல்லைகள் அறிவிப்பு வந்ததாலேயே அகன்றுவிடவில்லை. வனத்துறை, தொண்டு நிறுவனம், கரையில் வலைபோடும் மீனவர் ஆகிய மூவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசினால்தான் காரியம் நடக்கும். அந்தப் பேச்சில் எடுபடுவது ஆண்டுதோறும் எழுதிவைத்த எண்ணிக்கை. சென்ற தையில் எத்தனை, இந்தத் தையில் எத்தனை என்று காட்ட ஆளில்லாத ஏரிக்காக வாதாடுவது கடினம்.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதையெல்லாம் எண்ணி, இ-பேர்டு செயலியில் பதிய வேண்டும். கூட்டமாக இருந்தால் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடம் எவ்வளவு என்று மனத்தில் பிடித்துக்கொள். மொத்தக் கூட்டத்தையும் அந்த அளவாலே அளந்துவிடலாம். பறவைகள் தலை நிமிர்த்தி இரை தேடுவதை நிறுத்தினால் நீ நெருங்கிவிட்டாய் என்று பொருள், பின்வாங்கு. இனம் புரியாவிட்டால் ஊகித்து எழுதாதே. தேதி, நேரம், இடம் போட்டு, ‘பெயர் தெரியாத உள்ளான், 40’ என்று குறித்து வை. அதுவும் செல்லும்.

அன்புடன்,
அக்கா